எட்டாவது கேள்வி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், அவர் சமூகவியல் பேராசிரியராக வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். மகள் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "வீட்டில் எப்படி இருப்பார், அந்த மாதிரி" என்றார். எழுதிக் கொடுத்தேன். அப்பா கொல்கத்தாவில் எங்கள் வீட்டுப் பக்கத்து டாக்குரியா பஜாருக்கு மீன் வாங்கப் போய், மீன்காரரின் மூத்த மகளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்துக்கொண்டு நின்று, மீனைக் கெட்டுப்போக விட்டுக் கொண்டுவந்த கதையை எழுதினேன். நினைவுக் கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்களாம்.

நான் எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனால் ரயில் பாதையோரத்தில் இருந்த அறுபத்து நான்கு வீடுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர், தங்கள் வீடு போனதற்கு என் அப்பாதான் காரணம் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். காரணம் நான்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். படிக்கக் கொல்கத்தா வந்தவர், வேலையும் கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். நான் இங்கே பிறந்தேன். பள்ளியில் வங்காளம், வீட்டில் தமிழ். தமிழ் எழுத்துகளை அப்பாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் அழுதுகொண்டே கற்றேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது, அதற்குமேல் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். முதல் ஆறு மாதம் வீட்டில் அவரை வைத்துக்கொண்டு அம்மா பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. சமையலறைக்குள் வந்து நின்று, "நீ ஏன் கடுகை முதலில் போடுகிறாய், உன் அம்மாவும் அப்படியா, எந்த வயதில் பார்த்துக் கற்றாய்?" என்று கேட்பார். சாப்பிடும்போது என்னிடம் இன்று புதிதாக என்ன கண்டுபிடித்தாய் என்பார். ஒன்றுமில்லை என்றால் விடமாட்டார்.

"ஊர்ல உள்ளவன் வீட்டுலயெல்லாம் எத்தன பேரு, என்ன சாப்பிடுதான்னு உங்க அப்பாவுக்குத் தெரியும். நம்ம வீட்டுல அரிசி இருக்கா இல்லையான்னு தெரியாது" என்பாள் அம்மா.

ஏழாம் மாதம் அவரே ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பாலத்தைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டித் தகரமும் மூங்கிலும் தார்ப்பாயுமாக ஒரு குடியிருப்பு இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த, சித்தி என்ற பொருளில் நாங்கள் மாஷி என்றே கூப்பிட்ட பெண்ணும் அங்கேதான் இருந்தார். அப்பா தினமும் காலை அங்கே போக ஆரம்பித்தார். யாரும் சம்பளம் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு குடியிருப்பை முழுதாகப் புரிந்துகொண்டு ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலையில் இருந்த காலத்தில் மாணவர்களை அனுப்பி வாங்கிய பதில்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "கேள்வித்தாளோட போய் நின்னா பொய்தான் சொல்லுவாங்க. நானா இருந்தாலும் பொய்தான் சொல்லுவேன்" என்பார்.

அவருடைய முறை வேறு. அவர் எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். அந்தப் பக்கம் நடப்பார், நிற்பார், ரயில் போவதைப் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார். யாராவது தாமாக "உட்காருங்கள் மாஸ்டர்மோஷாய்", அதாவது வாத்தியார் ஐயா, என்று ஒரு பலகையையோ தகர டப்பாவையோ எடுத்துப் போட்டால்தான் அந்த வீட்டுக்கு ஒரு எண் கொடுப்பார். முதலில் உட்காரச் சொன்னது டீக்கடைக்காரர். அவர் ஒன்று. இரண்டாவது வீடு அங்கிருந்து வெகு தூரத்தில், கடைசிக் கோடியில். மூன்றாவது நடுவில் எங்கோ. இப்படி அறுபத்து நான்கு வீட்டிலும் உட்கார அவருக்கு மூன்று வருடம் ஆனது. தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாஷி நாற்பத்தோராவதாகத்தான் கூப்பிட்டார். முதலாளி வீட்டு மனிதரை எங்கே உட்காரவைப்பது என்ற கூச்சமாக இருக்கலாம். பயமாகவும் இருக்கலாம்.

பதில்களை ஒரு நோட்டில் எழுதுவார், ஆங்கிலத்தில், எண் மட்டும் போட்டு. எந்த எண் யார் என்பது இன்னொரு நோட்டில். இரண்டையும் ஒரே அறையில் வைக்கமாட்டார். பதில் நோட்டு அவர் மேசையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பெயர் நோட்டு அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். அதைத் தமிழில் எழுதியிருந்தார். கொல்கத்தாவில் அது பூட்டுப் போட்டதற்குச் சமம் என்று அவர் எண்ணம். வீட்டிலும் நாங்கள் பெயர் சொல்லிப் பேசக்கூடாது. பதினேழின் மகன் பாஸாகிவிட்டான், ஐம்பத்திரண்டில் சண்டை என்றுதான் பேசுவோம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, பழகியும் போனது.

கேள்விகள் மொத்தம் இருபது. எட்டாவது கேள்வி, இங்கே எந்த வருடம் வந்தீர்கள் என்பது. அந்த ஒரு கேள்விக்கு அந்தக் குடியிருப்பில் யாரும் வெளியாளிடம் உண்மை சொல்லமாட்டார்கள். என்றைக்காவது இடத்தைக் காலி செய்யச் சொன்னால், பழைய ஆட்களுக்கு மட்டும்தான் வேறு இடம் கிடைக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் எல்லோரும் ஐந்து, பத்து வருடம் கூட்டித்தான் சொல்வார்கள். அதற்கேற்ற காகிதங்களையும் எப்படியோ சேர்த்து வைத்திருந்தார்கள். அப்பாவிடம் மட்டும் நிஜ வருடத்தைச் சொன்னார்கள். பெயர் வெளியே போகாது என்று அவர் ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மாஷியும் சொன்னார். கானிங் பக்கம் ஒரு கிராமத்தில் கணவர் இறந்த பிறகு, கணவரின் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்பதை அப்பா நோட்டில்கூட எழுதவில்லை, அம்மாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு நாள் விடியற்காலை முதல் ரயிலில், கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் இடுப்பில் தூக்கக்கூடிய வயதுப் பெண்ணோடு மாஷி ஓடி வந்துவிட்டார். வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அக்கம்பக்கத்தில் பன்னிரண்டு வருடம் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தத் தகரக் கூரை போனால் அவருக்குப் போக்கிடம் அந்த அண்ணன் வீடு ஒன்றுதான்.

புத்தகத்தை அப்பா எழுதி முடித்தார். மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது முறை கட்டு திரும்பி வந்தபோது அவர் அதைப் பிரிக்கவே இல்லை. ஒரு வாரம் பஜாருக்கும் போகவில்லை. அம்மா, "மீனாவது வாங்கிட்டு வாங்களேன், கெட்டுப்போன மீனுன்னாலும் பரவால்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஏதோ ஆலோசனை நிறுவனத்தில் வேலை என்றார். வாசலிலேயே குனிந்து அப்பாவின் காலைத் தொட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் சந்தேஷ் இனிப்பு டப்பா. அப்பா பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் எட்டாவது கேள்விக்கு வந்து நிற்கும். பழையவர்கள் எத்தனை வீடு சார், புதியவர்கள் எத்தனை வீடு சார். அப்பா பதில் நோட்டை எடுத்து மகிழ்ச்சியாகக் காட்டினார். மாணவர் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்றார். எண்கள்தானே, தாராளமாக என்றார் அப்பா.

மாணவர் போன பிறகு அம்மா டப்பாவைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "இவன் எதுக்கு வாராவாரம் வாரான்?"

"எங்கிட்ட படிச்ச பையன். ஆர்வம்."

"படிக்கும்போது இந்த ஆர்வம் இருந்திச்சா?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நானும் அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டு, "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தாம்மா" என்றேன். அன்றிலிருந்து அம்மா அந்த மாணவருக்கு டீ மட்டும் கொடுப்பாள், எதிரில் உட்காரமாட்டாள்.

பிறகு அவர் பெயர் நோட்டைக் கேட்டார். டெல்லியில் ஒரு பதிப்பகம் புத்தகத்தைப் போடத் தயாராக இருக்கிறது, ஆனால் தகவல்கள் நிஜம்தானா என்று சரிபார்க்கப் பெயர்கள் வேண்டும் என்கிறார்கள் என்றார். அப்பா முடியாது என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டார். அப்பா மறுபடியும் முடியாது என்றார், இந்த முறை எழுந்து நின்றுகொண்டு. "அப்போ புத்தகம் வேணாம்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது, அவர் என்னிடம் பேசிய விதமும் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டுப் பிரிக்க அம்மா அவரை அழைத்துக்கொண்டு போன பிற்பகல் அந்த மனிதர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல. அன்று அவர் ஏன் வந்தார், அவர்கள் வீட்டில் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பதிப்பகத்தார் இந்த வாரத்தோடு கைவிட்டுவிடுவார்கள், சார் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு ஆசை இல்லையா என்றார்.

நான் பீரோவைத் திறந்தேன். நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அவரால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. திருப்பி உள்ளே வைத்திருக்கலாம். தப்பிக்க எனக்கு அவ்வளவு பெரிய வாய்ப்பு கிடைத்தது. நானோ, "இருங்க, நான் படிக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அழுது கற்ற அந்தத் தமிழை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டார். நாற்பத்தோராவது பெயரையும் வாசித்தேன். மாஷிக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சந்தோஷமாக இருந்தேன், அதுதான் கொடுமை. அப்பாவுக்கு ஏதோ பெரிய பரிசு வாங்கி ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சாயங்காலம் அவர் வந்ததும் ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த மனிதர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவர் கொடுத்திருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று பல் தேய்க்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் குடியிருப்புப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றதாக மாஷி சொன்னார். டேப் வைத்து அளந்தார்களாம். பிறகு சுவர்களில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்களாம், சில வீட்டில் மட்டும். "எங்கள் வீட்டிலும் போட்டிருக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று மாஸ்டர்மோஷாயிடம் கேட்டுச் சொல், மாமோனி" என்றார். மாமோனி என்றால் செல்லமாகக் கூப்பிடுவது. நான் கேட்கிறேன் என்று சொன்னேன், கேட்கவில்லை.

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு புதன்கிழமை காலை வந்தது. பாதையை ஒட்டி ஏதோ பெரிய திட்டம் வருகிறதாம், எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். பழைய ஆட்களுக்கு வேறு இடம் உண்டு. பட்டியலில் இருப்பவர்கள் புதியவர்கள், அவர்களுக்கு எதுவும் கிடையாது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தனியாக நடக்கக்கூடாது. நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பாலத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி நல்ல கூட்டம். அப்பாவுக்கு வழி விட்டார்கள். அவரால் அச்செழுத்தைப் படிக்க முடியவில்லை, "படி" என்றார். படித்தேன். முதல் பெயர் டீக்கடைக்காரருடையது. இரண்டாவது பெயர் கடைசிக் கோடி வீடு. மூன்றாவது, நான்காவது. அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. ஐந்தாவது பெயரை நான் வாசிப்பதற்கு முன் அவரே சொன்னார். சரியாக இருந்தது. ஆறாவதையும் அவரே சொன்னார். அந்த வீடுகளை அந்த வரிசையில் அடுக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. யார் அவரை எப்போது உட்காரச் சொன்னார்கள் என்ற வரிசை அது.

"மிச்சத்தையும் படி" என்றார். முப்பத்தொரு பெயர். பத்தொன்பதாவதாக மாஷி.

வீட்டுக்கு வந்து அவர் பீரோவுக்குப் போகவில்லை. நோட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அம்மாவிடமும் எதுவும் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் குளிக்கப் போய்விட்டேன். அப்பா அன்று முழுவதும் தொலைபேசியில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். மறுநாள் அலிப்பூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார். அவர்கள் வாயாலேயே சொன்ன வருடம் என்று எழுத்தில் இருக்கும்போது ஒன்றும் செய்வதற்கில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, "கிளம்பு, அங்க போகணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும், அதே வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வங்க மொழியில் ஒரே பேச்சுதான். நீங்கள் எந்த வருடம் வந்தீர்கள் என்று என்னிடம் சொன்னீர்கள், அதை வெளியே விட்டது நான், தப்பு என்னுடையது. இதற்குமேல் ஒரு சொல் கிடையாது. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். கடைசிக் கோடி வீட்டில் ஒரு கிழவர் எச்சில் துப்பினார், அது அப்பாவின் வேட்டியில் விழுந்தது. அப்பா துடைக்கவில்லை. ஒரு வீட்டில் கதவையே சாத்திவிட்டார்கள், அவர் சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லி முடித்தார். நடுவில் ரயில் போனால் சத்தம் அடங்கும்வரை நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். எழுபதை நெருங்கிய மனிதர். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மாஷி வீட்டில் அவர் வாயைத் திறந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. மாஷிக்குப் புரியக்கூடாது என்ற கோழைத்தனத்தில் தமிழில்தான் சொன்னேன். "அப்பா, நான்தான்ப்பா குடுத்தேன். நான்தான் படிச்சுக் காட்டினேன்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார். "தமிழ் எழுத்து தன்னால வாயத் தெறந்து பேசுமா? பேசாம நில்லு. வாக்குக் குடுத்தது நான்."

அப்புறம் மாஷியைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து வங்க மொழியில் சொல்லி முடித்தார். உள்ளே அவர் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் அழுவதை மாஷி அப்போதுதான் கவனித்தார். கிட்டே வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

"அழாதே மாமோனி" என்றார். "உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கண்ணும் தெரியவில்லை. யாரோ ஏமாற்றியிருப்பார்கள். நீ அவரைத் திட்டாதே."

அப்பா என் முழங்கையை இழுத்தார். இன்னும் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. எல்லா வீட்டிலும் அதையே சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன்.

இடிப்பதற்கு முந்தைய நாள்வரை மாஷி வேலைக்கு வந்தார். அம்மா எங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொன்னாள். வளர்கிற பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இன்னொருவர் வீட்டில் இருப்பது என்று சொல்லிவிட்டார். கானிங் ரயிலில் மகளோடு அந்த அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போனார். கிளம்பும்போது அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். சரி மாஷி என்றேன். வேறு எதையும் நான் அப்போதும் சொல்லவில்லை.